வெள்ளை பூசிய கண்ணாடி

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில், மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசி வீட்டுக் கூடத்தில், மே மாதத்து மதியம் ஒன்றில் ஜெபகுமார் பதின்மூன்றடி உயரச் சாரத்தின் மேல் குனிந்து நின்று, கூரைக் கண்ணாடித் திறப்பான ஸ்கைலைட்டின் முதல் குறுக்குக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் தலை கண்ணாடியில் இடிக்கும். துருத்தூள் புருவத்திலும் உதட்டிலும் படிந்தது. கம்பியின் ஒரு முனை அறுபட்டதும் மெஷினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

இந்த வேலையை இப்படி யாரும் செய்வதில்லை. ஸ்கைலைட் மாற்றுகிறவர்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு மேலிருந்து கண்ணாடியைத் தூக்கி எடுப்பார்கள். கூடத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துவைப்பதோடு கீழ் வேலை முடிந்தது. கூடத்தையே அடைத்துச் சாரம் கட்டி, அதன் மேல் பழைய பஞ்சு மெத்தையைப் போட்டு, கழுத்து வலிக்க வலிக்கக் கீழிருந்து பிரிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற காரியம். வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எதையும் இரண்டு தரம் கேட்கிறவர். முதல் நாளே கேட்டார்.

"இதான் சார் சேஃப்டி மெத்தடு. கம்பெனியிலல்லாம் இப்ப இப்டிதான்" என்றான் ஜெபகுமார்.

அப்படி ஒரு முறை எந்தக் கம்பெனியிலும் இல்லை. அது அவனே, அந்த வீட்டுக்காகவே, பயத்திலிருந்து கண்டுபிடித்தது.

ஜெபகுமாருக்கு நாற்பத்து மூன்று வயது. இரும்புலியூரில் பிறந்து, அங்கேயே ஜிஎஸ்டி சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு சந்தில் பட்டறை வைத்திருப்பவன். பதினேழு வயதில் வெல்டிங் கடையில் சேர்ந்தான். இருபது வயதில் கூரை ஏறிவிட்டான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பிய காலம் அது. தகரக் கூரை போட ஆள் போதவில்லை. ஜெபகுமார் அதில் நடக்கிற நடையைப் பார்க்கவே கீழே நாலு பேர் நிற்பார்கள். ஷீட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. போல்ட் தலைகள் வரிசையாகப் போகிற கோடுதான் அதற்கு அடையாளம். அந்தக் கோட்டின் மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் அவன் சொல்வான்: "போல்ட்டு மேல கால் வெச்சா கீழ இரும்பு கீது. ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல வெச்சின்னா கீழ கர்த்தர்தான் கீறாரு. அவரு அன்னிக்கு லீவா இருந்தா பேஜாராப் பூடும்."

மூன்று வருடங்களுக்கு முன்பு அவனே அப்படிக் கால் வைத்தான். ஒரு உதிரிபாகக் கொட்டகை. வெயில் தாங்கவில்லை என்று, தகர ஷீட்டுகளின் மேலும், வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருந்த ஃபைபர் ஷீட்டுகளின் மேலும் ஒரே மாதிரி வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போல்ட் தலைகளும் பெயிண்டில் முங்கிப்போயிருந்தன. வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை. இடது காலை வைத்தபோது சத்தமே கேட்கவில்லை என்பதுதான் அவனுக்கு இன்றும் ஞாபகம். வைத்த காலுக்குப் பதில் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு அடி. அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மேல் விழுந்ததால் உயிர் தங்கியது. இடது குதிகால் எலும்பு நொறுங்கி, ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் உள்ளே போயின.

அதற்குப் பிறகு அவன் ஏறவில்லை. பட்டறையில் கேட்டும் கிரில்லும் செய்தான். கூரை வேலை வந்தால், கூட்டாளி உமேஷ் மேலே ஏறுவான்; ஜெபகுமார் கீழே நின்று அளவு சொல்லி, அறுத்துக் கொடுப்பான். தொழிலில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மூத்தவன் கீழே நிற்பது வழக்கம்தானே. போன திங்கட்கிழமை உமேஷ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பி.எஃப். பிடித்தத்தோடு வேலை கிடைத்துப் போய்விட்டான். "மச்சான், கோச்சிக்காத, வூட்ல சொல்லிக்கினே கீறாங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரே வாரத்தில் இரண்டு கூரை வேலைகளை ஜெபகுமார் மறுத்தான். ஒருவரிடம் ஷீட் வரவில்லை என்றான். இன்னொருவரிடம் ஊருக்குப் போவதாகச் சொன்னான். அவனுக்கு இரும்புலியூரை விட்டால் வேறு ஊர் கிடையாது. மூன்றாவதாக வந்தது இந்த ஸ்கைலைட். இதையும் மறுத்தால் ஹார்டுவேர் கடை வாசலிலேயே பேச்சு கிளம்பிவிடும்: ஜெபாவுக்குக் கால் போச்சு, இனி ஏறமாட்டான். இரும்புக் கேட்டு செய்கிறவர்கள் அந்தப் பகுதியில் தெருவுக்கு நாலு பேர். கூரை தெரிந்தவன் என்ற பெயர் ஒன்றுதான் அவனுடையது. அது போனால் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி ரேஷ்மா மேற்குத் தாம்பரத்தில் ஸ்கேன் சென்டர் ஒன்றின் வரவேற்பில் இருக்கிறாள். கேட்டு, கிரில் போதும், தரையில் இரு என்பது அவள் கட்சி. ஆனால் மின்சார ரயிலில் போகும்போது புதுக் கொட்டகை ஏதாவது தெரிந்தால் அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வதை அவளும் பார்த்திருக்கிறாள்.

அளவு எடுக்க இந்த வீட்டுக்கு வந்த அன்று யக்ஞநாராயணன் அவனை மாடிக்கு அழைத்துப் போனார். மாடிக் கதவைத் திறந்ததும் ஜெபகுமார் வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

மொட்டை மாடி முழுக்க ஒரே வெள்ளை. ஸ்கைலைட் எங்கே என்றே தெரியவில்லை.

யக்ஞநாராயணன் அதன் வரலாற்றைப் பெருமையோடு சொன்னார். இருபத்தாறு வருட வீடு. கட்டிய மறு வருடமே ஸ்கைலைட் ஓரத்தில் ஒழுகத் தொடங்கியது. தார் ஊற்றினார். பசை வைத்து அடைத்தார். அப்புறம் ஒரு மேஸ்திரி சொன்னார் என்று பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்குத் தட்டோடு பதித்தார். மாடித் தரை உயர்ந்து, கண்ணாடியைச் சுற்றியிருந்த நாலங்குலக் கட்டைச்சுவரை விழுங்கிவிட்டது. இப்போது கண்ணாடியும் தரையும் ஒரே மட்டம். ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. போன கோடையில் காலனி வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள் என்று, வெயிலுக்கும் ஆயிற்று, ஒழுகலுக்கும் ஆயிற்று என மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்தார், கண்ணாடியையும் விடாமல். படம் எடுத்துக் குழுவில் போட்டதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்களாம்.

ஜெபகுமாருக்குக் குதிகால் சில்லிட்டது. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, "கீழேருந்தே அளந்துக்கறேன் சார், கீழேருந்து எட்த்தாதான் அளவு கரெக்டா கீது" என்றான். கூடத்தில் ஏணி போட்டு அளந்தான். ஏணியிலும் சாரத்திலும் கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும்; அதில் அவனுக்குப் பயமில்லை. மூன்றரைக்கு எட்டடி. மூன்று குறுக்குக் கம்பிகள், நான்கு கண்ணாடிகள். வலைக்கம்பி பதித்த பழைய கண்ணாடி. கிழக்குச் சுவரிலிருந்து திறப்பின் விளிம்பு ஏழடி இரண்டு அங்குலம்.

மேலிருந்து வேலை செய்கிறவன் முதலில் செய்வது ஒன்று உண்டு. திறப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இன்று மாடிக்கு வராதீர்கள் என்று சொல்வது. ஜெபகுமார் இருபது வருடம் அதைத் தவறாமல் செய்தவன். இந்த வீட்டில் செய்யவில்லை. சாரத்துக்குக் கீழே யாரும் நடக்கக்கூடாது என்று மட்டும் சொன்னான். மாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் கயிறு கட்ட மாடிக்குப் போக வேண்டியிருக்கும்.

*

தண்ணீர் பாட்டிலை மூடும்போது கூடம் லேசாக இருண்டது. மேகம் கூடுகிறது என்று நினைத்தான். கீழே யக்ஞநாராயணன் சோபாவை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்க, செய்தித்தாளுக்குள் இருந்தார். ஜெபகுமார் மறு முனையை அறுக்க மெஷினை எடுத்தான்.

அப்போது கண்ணாடியின் பால்வெள்ளையில் இரண்டு கருநிழல்கள் விழுந்தன. முதலில் ஒன்று. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. நீள்வட்டமாக, ஒரு முனை அகன்று, ஒரு முனை குறுகி. அவன் முகத்துக்கு நேர் மேலே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், இரண்டு பாதங்கள்.

அறுபட்ட கம்பி அரை அங்குலம் இறங்கியது. துருத்தூள் கண்ணில் கொட்டியது.

அவன் யோசித்ததாகச் சொல்ல முடியாது. மெஷினை மெத்தை மேல் போட்டுவிட்டு, வலது தோளைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில், அந்த நிழல்களின் மேலேயே பதித்து முட்டுக்கொடுத்தான். பாரம் தோளில் இறங்கி, முதுகு வழியாக இடது குதிகாலுக்குப் போய் நின்றது. மேலே இருப்பது அந்த வீட்டு அம்மா, அபிதகுஜாம்பாள். வானம் கறுத்ததைப் பார்த்து, காயப்போட்ட வடாமை எடுக்கப் போயிருக்கிறாள். கூடத்துப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறியிருப்பாள். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

கத்தினால் திடுக்கிட்டு நகர்வாள். நகர்ந்தால் எடை மாறும். அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சர்ச்சில் முன் வரிசைக்காரரிடம் பேசுகிற குரலில் கூப்பிட்டான்.

"அம்மா. அப்டியே நில்லுங்க."

நிழல்கள் நின்றன. "யாரு?" என்று கேட்டது மேலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"ஜெபா. உங்க காலுக்குக் கீழ கீறேன்."

"கீழேன்னா எங்கே?"

"கண்ணாடிக்குக் கீழம்மா. நீங்க ஸ்கைலைட்டு மேல நிக்கிறீங்க."

"இது தரைன்னா. டேங்குக்குப் போற வழி. இத்தனை நாளா இதுலதானே நடக்கறேன்."

அவள் சொன்னது உண்மை. அந்த வழியில் அவள் போன கோடையிலிருந்து தினமும் நடந்திருக்கிறாள், கையில் ஈரத்துணி வாளியோடுகூட. கண்ணாடியும் கம்பியும் தாங்கியிருக்கின்றன. தாங்காத நாள் ஒன்று உண்டென்றால் அது இன்று மட்டும்தான், அதை அறுத்து வைத்தவன் அவன்.

"இன்னிக்குக் கம்பியை அறுத்துட்டேம்மா" என்றான். "கையில இன்னா வெச்சிக்கினு கீறீங்க?"

"வடாம் தாம்பாளம்" என்றது குரல், முன்பைவிட மெலிந்து.

"அத்த நெஞ்சோட சேத்துப் புட்ச்சிக்கங்க. காலத் தூக்காதீங்க. நான் வரேன்."

கடைசி இரண்டு வார்த்தைகள் தன் வாயிலிருந்துதான் வந்தன என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

யக்ஞநாராயணன் செய்தித்தாளை இறக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாந்த அவர் வாய் திறந்திருந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்ததும் படிக்கட்டுக்கு ஓடினார். எழுபது வயது ஓட்டம். மேலே போகிற மனிதர் நேராக மனைவியிடம்தான் போவார். எல்லாம் வெள்ளை. எங்கே தரை முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது ஆளின் எடையும் சேர்ந்தால் தோளும் தாங்காது, சாரமும் தாங்காது. மூன்று பேரும் கூடத்துத் தரையில் கிடப்பார்கள்.

"சார், மாடி வாசப்படிய தாண்டாதீங்க" என்று சொன்னான். கத்தவும் முடியாமல், கத்தாமல் இருக்கவும் முடியாமல் அடக்கிய குரல். "தாண்டினா அம்மா உழுந்துடுவாங்க."

காலடிச் சத்தம் மாடிக் கதவருகே நின்றது. கேட்டுவிட்டார்.

இனி தோளை எடுக்க வேண்டும். எடுக்கும் முன் அங்கே வேறொன்றை வைக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் முட்டுக்கொடுக்கவென்று கொண்டுவந்த சவுக்குக் கட்டை ஒன்று கிடந்தது. அதை வலது காலால் மெல்ல இழுத்தான். அந்தச் சில நொடிகள் பாரம் முழுவதும் இடது குதிகாலில். உள்ளே ஆறு திருகாணிகளையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. கட்டையை நிமிர்த்தினான், ஒரு சாண் குறைந்தது. டூல் பாக்ஸை முழங்காலால் தள்ளி அதற்கடியில் கொடுத்தான். இன்னும் இரண்டு விரற்கடை. சுத்தியலால் ஆப்பு அடித்தால் அதிர்வில் எல்லாம் இறங்கிவிடும். ரப்பர் செருப்பைக் கழற்றி, மடித்து, கட்டையின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே திணித்தான். தோளை நூல் நூலாக விட்டான். கம்பி முனகியது, நின்றது.

"அம்மா, நான் கீழருந்து போறேன். கட்ட நிக்கிது. நீங்க நிக்கிறா மாதிரியே நில்லுங்க."

"சீக்கிரம் வா" என்றாள்.

சாரத்திலிருந்து இறங்கினான். படிக்கட்டு ஏறினான். இதில் எதுவும் அவன் நினைவில் இல்லை. மாடி வாசல்படி மட்டும் நினைவில் இருக்கிறது.

யக்ஞநாராயணன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார், அன்றைக்கு அவன் பிடித்துக்கொண்டிருந்த அதே இடத்தில். வெளியே ஈயநிற வானம். காற்று தொடங்கியிருந்தது. வெள்ளைப் பரப்பின் நடுவே, தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மடிசார் இல்லாத சாதாரணப் பூப்போட்ட வாயில் புடவையில் அபிதகுஜாம்பாள் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கோடு இல்லை, ஒரு விளிம்பு இல்லை. எழுதாத தாள் மாதிரி இருந்தது மாடி.

ஜெபகுமாரின் வலது கால் வாசல்படியைத் தாண்டியது. இடது கால் வரவில்லை.

வரச்சொன்னான். வரவில்லை. காலும் அவனும் வேறு வேறு ஆட்கள்போல் ஆகிவிட்டிருந்தார்கள். அது மூன்று வருடம் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது. வெள்ளையில் வைக்கமாட்டேன் என்றது. அவன் காலோடு வாதாடவில்லை. மண்டியிட்டுத் தவழ்ந்தான்.

கிழக்குக் கைப்பிடிச் சுவர் வரை ஓரமாகவே தவழ்ந்து போனான். அங்கே இடுப்பிலிருந்த டேப்பை உருவி, கொக்கியைச் சுவரில் மாட்டி இழுத்தான். கீழே அளந்த சுவருக்கு நேர் மேலேதான் இந்தச் சுவர் நிற்கிறது. ஏழடி இரண்டு அங்குலம். டேப் காற்றில் படபடத்தது. ஏழடிக்கு இங்கே, இங்கே வரை தரை. அதற்கு மேல் கண்ணாடி. கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. எண்ணை நம்பினான்.

அந்தச் சுவரோரமே இருந்த தண்ணீர் டேங்கில் சாய்த்து ஒரு பழைய பலகைக் கதவு இருந்தது, குளியலறையில் மாற்றியதாக இருக்க வேண்டும். அதைத் தரையோடு தரையாக இழுத்து வந்து, அளந்த இடத்திலிருந்து திறப்பின் குறுக்கே, அவள் கால்களுக்கு ஒட்டினாற்போல் தள்ளினான். ஆறரையடிக் கதவு; மூன்றரையடித் திறப்பு. இரண்டு பக்கமும் தரை மேல் உட்கார்ந்தது.

"இந்தக் கதவு மேல காலத் தூக்கி வைங்க, போதும்."

"தூக்க முடியலைப்பா" என்றாள். பொய் சொல்கிற குரலில்லை. "முட்டி பிடிச்சுண்டுடுத்து."

வாசல்படியிலிருந்து யக்ஞநாராயணனின் குரல் உடைந்து வந்தது. "அபிதா, அவன் சொல்றதைக் கேளு. ஒருநாளாவது யாராவது சொல்றதைக் கேளேன்."

"நீங்க சும்மா இருங்கோன்னா" என்றாள் அவள், திரும்பாமலே. "பெயிண்ட் அடிக்காதீங்கோன்னு நான் சொன்னதை நீங்க கேட்டேளா?"

ஜெபகுமாருக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வந்தது. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே கதவின் மேல் குப்புறப் படுத்தான். நெஞ்சு தரைக்கு மேல் இருந்தது, பிறகு வயிறு, பிறகு எதற்கும் மேல் இல்லை. பலகைக்கு அடியில் வெறும் காற்றும், தலையில் ஒரு செருப்போடு நிற்கிற கட்டையும், பதினெட்டடியும். தவழ்ந்து நடுவுக்கு வந்து, அவள் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தான். தூக்கினான். குழந்தைக்குக் கொலுசு மாட்டுகிறவன்போல் பதமாகப் பலகை மேல் வைத்தான். அவள் தாம்பாளத்தை விட்டுவிட்டு, அவன் முதுகில் கை ஊன்றினாள். வடாம் சரிந்து எங்கும் சிதறியது. இடது காலை அவளே வைத்தாள். கீழே ஏதோ சறுக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அப்போது அவள் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்தபடியே நகரச்சொன்னான். நகர்ந்தாள். தரைக்கு வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கண்ணாடி விழவில்லை. கட்டை சாய்ந்திருந்தும், கம்பி ஒரு முனையில் தொங்கியும், அது அப்படியே இருந்தது, ஒன்றுமே நடக்காததுபோல்.

*

யக்ஞநாராயணன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்தார். பிறகு திரும்பி வந்து கதவருகில் நின்று கேட்டார். குரல் தபால் அலுவலகத்துக் குரலாக மாறியிருந்தது. மேலிருந்து வேலை செய்கிறவர்களை அவரும் பார்த்திருக்கிறார், கயிறு கட்டுவார்கள் என்று அவருக்கும் தெரியும், ஏன் கட்டவில்லை என்று கேட்டார்.

ஜெபகுமார் டேங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பொய் ஒன்று வழக்கம்போல் வரிசையில் முதலாவதாக வந்து நின்றது. அதை விட்டுவிட்டான்.

"எனக்கு மேல ஏற பயம் சார். மூணு வருஷம் முன்னாடி உழுந்துட்டேன். ஏறக்கூடாதுன்னுதான் சாரம் கட்னேன். சேஃப்டி மெத்தடுலாம் ஒண்ணும் கெடையாது."

கிழவரின் கோபம் நியாயமானது, ஜெபகுமார் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். "நீ சொல்லியிருக்கணும்" என்றார். "முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார்."

"சொல்லியிருந்தா உனக்கு இந்த வேலையைக் குடுத்திருக்கமாட்டேன்."

"அதான் சார் சொல்லல."

அவர் மேற்கொண்டு என்ன சொல்லியிருப்பாரோ, முதல் துளிகள் விழுந்தன. பெரிய துளிகள். வெள்ளைத் தரையில் ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில் காசளவு புள்ளி வைத்தது. ஒரு முனை அறுந்த ஸ்கைலைட்டின் மேல் மழை நின்றால் தண்ணீரின் எடையே போதும். தார்ப்பாய் போட வேண்டும். அதைக் கீழிருந்து போட வழியில்லை. அவனுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. இன்னொரு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். பெருங்களத்தூரில் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறானாம். கேட்டவிதத்தில் குத்தல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவரு வர்றதுக்குள்ள மழ வந்துடும் சார். நீங்க அங்கயே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் வரக்கூடாது."

தண்ணீர் டேங்கின் ஓரம் குவித்திருந்த உடைந்த தட்டோடுகளை அள்ளிக்கொண்டான். டேப்பைச் சுவரில் மாட்டினான். ஏழடி இரண்டு அங்குலம், ஒரு ஓடு. தெற்கே ஒரு அடி நகர்ந்து மறுபடி மாட்டினான், இன்னொரு ஓடு. செங்கல் நிறத் துண்டுகள் ஒவ்வொன்றாக விழ விழ, இல்லாத விளிம்பு தெரியத் தொடங்கியது. எட்டடி நீளத்துக்கும் வைத்தான். அகலத்துக்கு வைத்தான். மேற்குப் பக்கம் சுற்றிப்போய் வைத்தான். மழை நனைத்த தரை வழுக்கியது. கண்ணில் தண்ணீர் இறங்கியபோது துடைக்கக் கை காலியாக இல்லை. நாலு பக்கமும் மூடியபோது வெள்ளையின் நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பெரிய செவ்வகம் இருந்தது. இதற்குள் கால் வைக்காதே. இதற்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் வை.

தார்ப்பாயை எடுக்கப் போகும்போது, இடது காலையும் ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தான். தவழவில்லை. எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. ஓட்டு வரிசையில் நாலாவது ஓடா, ஐந்தாவது ஓடா. தெரிந்ததும் கால் மறுபடி தயங்கியது, ஆனால் நடந்தது.

தார்ப்பாயை விரித்து, கதவை அதன் மேல் இழுத்துப்போட்டு, ஓரங்களில் கல் வைத்துக் கட்டியபோது முழுக்க நனைந்திருந்தான். படிக்கட்டில் அபிதகுஜாம்பாள் ஒரு துண்டை நீட்டினாள். வடாம் போயிடுத்து, ரெண்டு படி அரிசி என்றாள். யக்ஞநாராயணன் பெருங்களத்தூர்க்காரரின் எண்ணைத் தேடி எடுத்துவைத்திருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்டார். மழை விட்டால் எட்டு என்றான் அவன். மேலிருந்துதான் என்றும் சொன்னான்.

ஐந்து மணிக்கு, போர்ட்டிகோவில் நின்று ரேஷ்மாவுக்குப் போன் செய்தான். ஸ்கேன் சென்டரில் கூட்டம் இருந்தது. யாரோ டோக்கன் எண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அவன் முன்னும் பின்னுமாகச் சொன்னான். செருப்பைச் சொன்னான், கதவைச் சொன்னான். தான் கயிறு கட்டாததையும் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அவன் முடித்ததும், அவள் அங்கே டோக்கன் கேட்டவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்வது கேட்டது.

"அந்தம்மா மேல நிக்கும்போது நீ எந்தக் கால்ல தாங்கின?" என்று கேட்டாள்.

"இடதுலதான்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வெந்நீர் வெக்கறேன். வா" என்றாள்.